நான் படித்துச் சொன்ன சீசாக்கள்

என் அக்கா ராமாமணிக்கு வரும் தை வந்தால் முப்பது முடிகிறது. அன்னூருக்கு வடக்கே மூன்று மைல் தள்ளி, நைனாவின் தோட்டத்தில் இருக்கிறாள். எருமை கறக்கிறாள், பருத்திக்குத் தண்ணீர் கட்டுகிறாள், அம்மாவுக்கு மூட்டுவலி வந்தபிறகு சமையலும் அவள்தான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால் ஊரில் யாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு பதில் சொல்வார்கள். அந்தப் பதில் பொய். உண்மையான பதில் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அப்பாவை நைனா என்போம், மாமன் மகனைப் பாவா என்போம். ஆனால் நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். எனக்கு எழுத வருவதும் தமிழ்தான்.

நைனா பெயர் வேங்கடசாமி. அம்மா பங்காரம்மா. நாங்கள் இரண்டே பெண்கள். அக்காவை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், காட்டுக்குச் சோறு கொண்டுபோக ஆள் வேண்டும் என்று. மூன்று வருஷம் பின்னால் பிறந்த எனக்கு மட்டும் யோகம் அடித்தது. அன்னூர் ஹைஸ்கூலில் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. தபால்காரர் கொடுக்கும் கடிதம், உரமூட்டையில் இருக்கும் எழுத்து, மோட்டார் பம்பு வாங்கியபோது வந்த காகிதம், எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் படிக்கும்போது நைனா வாயில் இருக்கிற வெற்றிலையைக்கூட மெல்லாமல் நிற்பார். எனக்குத் தலைகால் புரியாமல் போனதற்கு அவரும் ஒரு காரணம்.

அக்காவுக்குப் படிப்பு இல்லையே தவிர மற்ற எல்லாம் இருந்தது. முரட்டு மாடு அவள் குரலுக்கு நிற்கும். நல்ல முடி. கொண்டை போட்டால் என் இரண்டு கையும் வேண்டும் பிடிக்க. பீளமேட்டில் இருக்கும் எங்கள் தாய்மாமன் மகன் பாலகோபாலுக்கு அவளைத்தான் என்று சிறுவயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். பேசி வைத்தது பெரியவர்கள் காரியம். இவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போனது அவர்கள் காரியம். பாவா பொங்கலுக்கு வந்தால் அவள் தண்ணீர் கொண்டுவருகிற வழியில் வேண்டுமென்றே குறுக்கே நிற்பார். அவள் வேண்டுமென்றே குடத்தைச் சாய்த்து அவர் வேட்டியை நனைப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் அக்காவுக்கு டைபாய்டு வந்தது. இருபத்தோரு நாள் கஞ்சியோடு கிடந்தாள். கார்த்திகையில் எழுந்து உட்கார்ந்தாள், மார்கழியில் வாசல் தெளித்தாள். தையில் நிச்சயதாம்பூலம் என்று நாள் பார்த்தாகிவிட்டது. அதற்குப் பத்து நாள் முன்னால் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பை வைத்தால் சீப்போடு வந்தது. தலையணையில் கிடந்தது. சோற்றில் கிடந்தது. கொட்டின முடியை அம்மா உருட்டி உருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு அழுதாள்.

எங்கள் காட்டில் களையெடுக்க வருகிற பூவாத்தாள் அன்றைக்கே சொன்னாள்:

"ஏனுங்க அம்மணி, காச்சல்ல படுத்து எந்திரிச்சா முடி கொட்டத்தானுங்க செய்யும். எனக்கும் அப்பிடித்தானுங்க, மண்டையே தெரிஞ்சுது. ஆறு மாசத்துல அதுபாட்டுக்கு மொளைச்சுப்போச்சுங்க. ஒண்ணுந் தராம உட்டுப்போடுங்க."

"உனக்கென்ன தெரியும் அதப்பத்தி? போயி வேலையப் பாரு," என்றேன் நான்.

பூவாத்தாளுக்கு என் அம்மா வயது. எனக்குப் பதினாறு. அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீட்டில் அதற்குப்பிறகு அவள் எதைப் பற்றியும் யோசனை சொன்னதில்லை. அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் வைத்தியம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பது எனக்குத் தெரிய மூன்று வருஷம் ஆயிற்று.

நிச்சயத்தன்று அக்காவுக்குச் சவுரி வைத்துப் பின்னி, பூவைச் சுற்றி மறைத்தோம். மாப்பிள்ளை வீட்டுத் தட்டில் சேலை, தேங்காய், பழம், வெற்றிலை, இவற்றுக்கு நடுவில் ஒரு சீசா இருந்தது. பாவா வாங்கினது. பட்டறையில் லேத் வேலை அவருக்கு. சனிக்கிழமை வேலை முடிந்து காந்திபுரத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போய், ஒரு மருந்துக்கடையில் நின்று, காய்ச்சலில் விழுந்து எழுந்த பெண்ணுக்கு முடி கொட்டுகிறது, எது நல்லது என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் இருப்பதிலேயே பவர் அதிகமானது என்று ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். உள்ளே எண்ணெய் அடைத்த மஞ்சள் மாத்திரைகள். வெளிச்சத்தில் பிடித்தால் பளபளவென்று இருக்கும். நிச்சயத் தட்டில் மருந்து வைக்கிறாயே, சகுனம் என்னாவது என்று அவர் அம்மா, எங்கள் அத்தை வெங்கடம்மாள், சத்தம் போட்டாளாம். பாவா கேட்கவில்லை.

அம்மா அந்தச் சீசாவுக்கும் குங்குமம் வைத்தாள். தட்டில் வந்துவிட்டால் அது சீர். சீராக வந்ததை மிச்சம் வைக்கக்கூடாது, மற்றவர் தொடக்கூடாது, வேண்டாம் என்று சொல்லவே கூடாது. எங்கள் சனத்தில் சேலை பிடிக்காவிட்டாலும் ஒருமுறை கட்டிக் காட்டிவிடுவார்கள். மாத்திரைக்கும் அதே சட்டம் என்று ஆகிவிட்டது. அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது.

அதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை தப்பித்திருப்பாள். செய்தி உறவுக்குள் பரவியது. வருகிறவர்கள் எல்லாரும் வெறுங்கையோடு வரவில்லை. சித்தப்பா கோபாலசாமி வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். அவர் மீன் எண்ணெய் இரண்டு பெரிய சீசா கொண்டுவந்தார். பெரியம்மா ஈஸ்ட் மாத்திரை கொண்டுவந்தாள். யாரோ சுண்ணாம்புச் சத்து மாத்திரை. அன்னூர் டாக்டர் காய்ச்சல் விட்டதும் இரும்புச் சத்து டானிக்கும் ஒரு வைட்டமின் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார். சுவரில் விளக்கு வைக்கிற மாடத்தில் விளக்கை எடுத்துவிட்டுச் சீசாக்களை அடுக்கினோம்.

நைனா அவற்றை எல்லாம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, இத்தனையும் தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்? நீதான் படிச்சவ. எதத் திங்கோணும், எத உடோணும்னு பாத்துச் சொல்லு."

நான் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சீசாவாகத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது. என் விஞ்ஞானப் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் கட்டம் போட்டு எழுதியிருந்தது: வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், தோல் உலர்ந்து சொரசொரப்பாகும். அந்தச் சமயத்தில் ஒரு வாரப் பத்திரிகையிலும் பெண்கள் பக்கத்தில் படித்திருந்தேன், கூந்தலுக்கும் மேனிக்கும் ஏ வைட்டமின்தான் முக்கியம் என்று. சீசாக்களைப் பார்த்தால் பாவா கொடுத்ததில் வைட்டமின் ஏ, சித்தப்பா கொடுத்ததில் வைட்டமின் ஏ, டாக்டர் மாத்திரையிலும் வைட்டமின் ஏ. எனக்குக் கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷம்.

"நைனா, இந்த மூணுதான் நல்லது. மூணுலயும் ஒரே சத்து. மத்ததெல்லாம் வேண்டாம்," என்றேன்.

மூன்றிலும் ஒரே சத்து. அதை நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தும் எனக்குப் புரியவில்லை. ஒரே சத்து மூன்று முறை போனால் மூன்று பங்கு நல்லது என்றுதான் தோன்றியது. ஈஸ்ட் மாத்திரையைக் கன்றுக்குட்டிக்குத் தவிட்டில் கலந்து கொடுத்தோம். இரும்பு டானிக் பல்லைக் கறுப்பாக்கும் என்று நானே வாய்க்காலில் கொட்டினேன். கெடுதல் செய்யாததை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, கெடுதல் செய்வதை மட்டும் அக்காவுக்கு வைத்தேன்.

காலையில் பாவாவின் மாத்திரை இரண்டு. மத்தியானம் டாக்டருடையது. சாயங்காலம் மீன் எண்ணெய் ஒரு பெரிய கரண்டி. வேளை தவறாமல் நானே கொடுத்தேன்.

பங்குனியில் அக்காவின் நெற்றி ஓரத்தில் பொடிப்பொடியாக முடி முளைத்தது. இப்போது எனக்குத் தெரியும், அது பூவாத்தாள் சொன்ன முடி. காய்ச்சலில் கொட்டினது தானாகத் திரும்பி வந்த முடி. அப்போது நாங்கள் என்ன நினைத்தோம் என்று சொல்லவா வேண்டும்? மருந்து வேலை செய்கிறது என்று வீடே கொண்டாடியது. அம்மா பாவாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளில் இன்னும் இரண்டு சீசாவோடு வந்துவிட்டார். கல்யாணம் வைகாசியில், அதற்குள் நன்றாக வளரட்டும் என்று நான் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினேன்.

சித்திரை முடிவதற்குள் அந்தப் பொடி முடியும் போய்விட்டது. உதடு வெடித்து ரத்தம் வந்தது. கையிலும் கழுத்திலும் தோல் வற்றி உரிந்தது. தலைவலி என்று சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால் எலும்பு வலிக்கிறது என்பாள். நான் விஞ்ஞானப் புத்தகத்தை மறுபடி திறந்தேன். தோல் உலர்ந்து சொரசொரப்பாகும் என்று அச்சடித்தே இருக்கிறதே! அப்படியானால் சத்து இன்னும் போதவில்லை. என் அறிவு அவ்வளவு தூரம் போயிற்று. கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளினார்கள்.

அன்னூர் டாக்டரிடம் இரண்டு முறை போனோம். அவர் நல்ல மனிதர்.

"மாத்திரைய ஒழுங்கா சாப்புடறியாம்மா?" என்று கேட்டார்.

"சாப்புடறனுங்க," என்றாள் அக்கா.

அம்மா பக்கத்தில் நின்றாள். நானும் நின்றேன். வேறு இரண்டு பேர் கொடுத்ததையும் சாப்பிடுகிறாள் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. ஒரு டாக்டர் முகத்துக்கு நேரே, உங்கள் மருந்தோடு இன்னொருவர் மருந்தும் தின்கிறோம் என்று எப்படிச் சொல்வது? அது அவரைக் குறைத்துப் பேசின மாதிரி ஆகாதா? அதேபோல் சித்தப்பா வந்து கேட்டால், நீங்கள் கொடுத்த எண்ணெய்தான் கேட்கிறது என்போம். பாவாவிடம் அவர் மாத்திரைதான் கேட்கிறது என்போம். யார் மனமும் நோகக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு என் அக்காவைப் பலி கொடுத்தோம். டாக்டர் பாவம், சத்துக் குறைவு என்று தன் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

ஒருநாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாந்தி, இது வேண்டாங் கண்ணு. இதத் தின்னாத்தான் தல வலிக்கற மாதிரி இருக்குது. நாலு நாளைக்கு உட்டுப் பாக்கலாமா?"

"உட்டா உள்ளதும் போயிரும். பாவா அன்னைக்குத் தட்டுல வெச்சுக் குடுத்தாரே, அத வேண்டாங்கறயா? அப்ப அவரே வேண்டாமா உனக்கு?" என்றேன்.

அக்கா வாயைத் திறந்தாள். நான் மாத்திரையைப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். இந்த ஒரு காட்சியை நினைக்காமல் நான் தூங்கின நாள் குறைவு. அவள் உடம்பு அவளுக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறது. அவளும் எனக்குச் சரியாகச் சொன்னாள். நான் அவள் ஆசையைப் பிடித்து அவள் வாயை அடைத்தேன்.

ஆனி மாதம் புருவம் உதிர்ந்தது. தலையில் முடி போனால் முக்காடு போடலாம். புருவத்துக்கு என்ன செய்வது? மையால் வரைந்தேன். அது முகத்தை இன்னும் விகாரமாக்கியது. அந்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் அத்தை வந்தாள். பட்டப்பகல். அக்கா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள், மையும் இல்லை, முக்காடும் இல்லை. அத்தை வாசலிலேயே நின்று பார்த்தாள். புருவம் இல்லாத முகம், உரிந்த தோல். எங்கள் பக்கத்தில் இதைப் பார்த்தால் யாருக்கும் ஒரே ஒரு நோய்தான் நினைவுக்கு வரும், குஷ்டம்.

அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை அதை வாங்கிக் கீழே வைத்தாள், எடுக்கவேயில்லை. சொந்த நாத்தனார் வீட்டில் காப்பி குடிக்காமல் எழுந்தாள். அம்மாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது. அத்தை போனபிறகு அந்தக் காப்பித் தம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு அம்மா போட்ட சத்தம் காடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்னூர் டாக்டர் அக்காவின் கையிலும் முகத்திலும் ஊசியால் குத்திப் பார்த்தார். எல்லா இடத்திலும் வலித்தது. அந்த நோய் இல்லை, பயப்படாதீர்கள் என்றார். நைனா அதைப் பீளமேட்டுக்குப் போய்ச் சொன்னார். மாமா நம்பினார். அத்தை நம்பவில்லை. ஆவணிக் கல்யாணம் நின்றுபோயிற்று. ஊர் நம்பவில்லை. எங்கள் கிணற்றடிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அக்கா கறந்த பாலை வாங்கிக்கொண்டிருந்த இரண்டு வீடும் நிறுத்திவிட்டன.

ஐப்பசியில் பாவா ஒருமுறை வந்தார். யாருக்கும் தெரியாமல், அத்தைக்குத் தெரியாமல். அக்கா உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.

"ராமா, நான் பாக்கறதுக்கு வரலே. பேசிட்டுப் போறேன். ஒரு நிமிசம் கதவத் தொற," என்றார் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு.

"போங்க பாவா," என்று மட்டும் உள்ளிருந்து குரல் வந்தது.

அவர் பிறகு பையிலிருந்து புதிதாக ஒரு சீசாவை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறவில்லை. அந்தச் சீசாவை நான் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அக்காவே கேட்டு வாங்கி, ஒன்று விடாமல் தின்று தீர்த்தாள்.

அடுத்த தையில் மாமா வந்தார். நைனாவோடு களத்தில் உட்கார்ந்து பேசினார். மூத்தவளுக்கு இப்படி என்று பேர் ஆகிவிட்டது. இளையவளையும் யாரும் கேட்டு வரமாட்டார்கள். என் சொந்தத் தங்கை வீட்டுப் பேர் கெட்டுப்போனால் அது எனக்கும்தான் அவமானம். இளையவளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் அடங்குவார்கள் என்றார். அத்தையை எப்படிச் சம்மதிக்க வைத்தாரோ. பாவாவைக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. என்னைக் கேட்கவில்லை. அக்காவைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவேயில்லை.

பங்குனியில் கல்யாணம். ஆட்கள் வர ஆரம்பிக்கும் முன்னாலேயே அக்காவைப் பின்கட்டு அறையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தலை பின்ன வந்த பெண் ஏதோ கோணல் மாணலாகப் பின்னினாள். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி, அக்கா முன்னால் உட்கார்ந்தேன். அவள் தலையில் துண்டு கட்டியிருந்தாள். என் பின்னலை அவிழ்த்து, எண்ணெய் தொட்டு, புதிதாகப் பின்னி, பூ வைத்தாள். அவளுக்கு வைத்திருந்த மாப்பிள்ளை, அவளுக்கு எடுத்திருந்த சேலை. நான் அழுதேன். "மை கலையுது," என்றாள்.

அதற்குப்பிறகு யாரும் அக்காவுக்கு மருந்து வாங்கவில்லை. யாருக்காக வாங்குவது? மாடத்தில் காலிச் சீசாக்கள் இருந்தன, விளக்கெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டார்கள். வைகாசியில் தலைவலி நின்றது. ஆடியில் தோல் சரியானது. தீபாவளிக்குத் தலை முழுக்கக் கறுப்பாக முடி, புருவம் முன்போல. ஆனைமலை மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டது பலித்தது என்றாள் அம்மா. அம்மன் ஆறு மாதம் முன்னால் கண் திறந்திருக்கக் கூடாதா என்று நான் பீளமேட்டில் உட்கார்ந்து கோபப்பட்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் என் வளைகாப்புக்கு அம்மாவோடு அக்கா வந்தாள். முடி தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது, அடர்ந்து, நெளிந்து. அத்தை அவளைப் பார்த்துவிட்டு சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். வாசலில் அவளைப் பார்த்தார். "வா," என்றார். பிறகு பட்டறையில் ஏதோ வேலை என்று போய்விட்டார். வளையல் அடுக்கி முடித்து, எல்லாரும் சாப்பிட்டு, அக்காவும் அம்மாவும் பஸ் ஏறினபிறகுதான் வந்தார். அவர் என்னை ஒருநாளும் கடிந்து பேசினதில்லை. நல்ல மனிதர். நான் நல்ல மனிதர் என்று சொல்லும்போது அதில் எவ்வளவு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பிள்ளை பிறந்து நான்காம் மாதம் எனக்கு முடி கொட்டியது. கொத்துக்கொத்தாக. அவர் பயந்துவிட்டார். காந்திபுரத்துக் கடைக்குப் போய் அந்த மஞ்சள் மாத்திரையையே வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். என்னவோ, எனக்கு அது வேண்டாம் போல இருந்தது. முதலில் பீளமேட்டில் இருந்த டாக்டரம்மாவைக் கேட்கலாம் என்றேன். பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

டாக்டரம்மா என் தலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பிள்ளை பெத்தா கொட்டும். டைபாய்டு வந்தா கொட்டும். அஞ்சாறு மாசத்துல தானா வந்துரும். ஒரு மருந்தும் வேண்டாம். கீரை, முட்டை சாப்பிடு, போதும்."

"எங்க அக்காவுக்கு டைபாய்டுலதானுங்க கொட்டுச்சு. அவளுக்கு ஒரு வருசத்துக்கு மேல வரலீங்களே. மருந்து குடுத்தும் வரலீங்க."

"என்ன மருந்து?"

நான் சொன்னேன். பெருமையாக, வேளை வாரியாக, எத்தனை என்று. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். எத்தனை மாதம் என்று கேட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் என்றேன். உதடு வெடித்ததா, எலும்பு வலித்ததா, தலைவலி உண்டா, புருவம் போயிற்றா என்று அவளே ஒவ்வொன்றாகக் கேட்டாள். பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி கேட்டாள்.

"அது குறைஞ்சாலும் தோல் காயும், கூடிப்போனாலும் தோல் காயும், முடியும் போயிரும். தண்ணியில கரையற சத்து இல்ல, ஈரல்ல சேந்துக்கும். மூணு பேர் குடுத்ததையும் ஒரே ஆளா திங்கறது? யாரும் லேபிளப் படிச்சுப் பாக்கலையா?"

நான் படித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அக்காவின் கேடு காய்ச்சலில் வரவில்லை, அம்மன் கோபத்தில் வரவில்லை. நான் படித்துச் சொன்னதில் வந்தது. அவிநாசி ரோட்டில் எந்தப் பக்கம் நடக்கிறேன் என்று தெரியாமல் நடந்தேன்.

மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அன்னூர் பஸ் ஏறினேன். முதலில் அக்காவிடம் சொல்லிவிடுவது, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி அவரிடமும் சொல்லிவிடுவது என்று வழிநெடுக முடிவு செய்துகொண்டே போனேன். எல்லாரிடமும் சொல்லிவிட்டால் என் நெஞ்சில் இருப்பது இறங்கிவிடும் என்று நினைத்தேன். ஊரிலும் சொல்லிவிடலாம், அது நோய் இல்லை என்று. அக்காவைப் பெண் கேட்டு இரண்டு இடத்தில் இருந்து வந்து, பக்கத்துத் தோட்டத்தில் விசாரித்துவிட்டு, எங்கள் வீட்டு வாசலை மிதிக்காமலே திரும்பிப் போயிருந்தார்கள். இனிமேல் அப்படி ஆகாது என்றுகூட எண்ணினேன்.

அக்கா பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் பிள்ளையோடு நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். மடியில் பஞ்சைப் போட்டுக்கொண்டே கேட்டாள். கை நிற்கவில்லை.

"மூணும் ஒண்ணேதானா?" என்றாள்.

"ஆமாக்கா. நான் படிச்சேன். நான்தான்..."

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னுஞ் சொல்லலே. சாயங்காலம் போயிச் சொல்லோணும்."

அப்போதுதான் அவள் கை நின்றது. என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லாதே. சாந்தி, அவருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதே. அவரு கையால வாங்கிட்டு வந்து குடுத்தது. தெரிஞ்சா அந்த மனுசன் சோத்துல கை வெக்கமாட்டாரு."

"அக்கா, ஊரெல்லாம் உன்ன அந்த நோயின்னு பேசுது. சொன்னாத்தானே..."

"ஊருக்குச் சொன்னா அவரு காதுக்குப் போகாதா? பேசறவுங்க பேசட்டும்."

"என்னையத் திட்டவாவது திட்டு," என்று அழுதேன்.

அவள் திட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் இல்லை. "பிள்ளைக்கு வெய்யல் ஆகாது, ஊட்டுக்குப் போ," என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குக் குனிந்தாள்.

அவரோடு இரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவள் நான். பஸ்ஸில் போன அந்த ஒன்றரை மணி நேரத்தில், தெரிந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அக்காவுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.